முதலில் மெத்தை, அப்புறம் ஃபாஸ்பரி

போன வாரம் வந்த பையனுக்கு 14 வயது. பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்பினான். மணல் குழியில் மல்லாந்து உயரம் தாண்டியிருக்கிறான். இந்த வருடத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது பிள்ளை. நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

"ஃபாஸ்பரிக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தானாகத்தானே தாண்டினார்?" என்று கேட்டார் அப்பா.

பிசியோதெரபிஸ்டாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. மல்லாந்து உயரம் தாண்டும் பாணியைப் பிரபலமாக்கிய அமெரிக்கர் டிக் ஃபாஸ்பரி, ஒருநாள் எழுந்து வந்து அப்படிக் குதித்தவர் அல்ல. குப்புறக் கம்பியைக் கடக்கும் ஸ்ட்ராடில் முறை அவருக்குப் பள்ளியில் கைகூடவில்லை. ஒரு காலை அடுத்து மறுகாலை வீசிக் கம்பியைக் கடக்கும் பழைய கத்தரிக்கோல் தாண்டலுக்கே திரும்பினார். கம்பி ஏற ஏற இடுப்பைத் தூக்கினார். தோள் தானாகப் பின்னால் சாய்ந்தது. அது ஒரு பாணியாகத் தேறவே சில வருடங்கள் ஆயின. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அதே காலத்தில்தான் மணலும் மரத்தூளும் போய், ஃபோம் மெத்தை வந்துகொண்டிருந்தது. முதுகும் தோளும் முதலில் இறங்குகிற பாணி இது. மெத்தை இல்லாவிட்டால் அது நிலைத்திருக்கவே முடியாது.

அவர் தாண்டியதும் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்பதும் உண்மையில்லை. 1972 ஒலிம்பிக்கில் ஆண்கள் தங்கம் ஸ்ட்ராடில் தாண்டிய யூரி தர்மாக்குக்குப் போனது. 1978இல்கூட விளாதிமிர் யாஷ்சென்கோ அதே பழைய பாணியில் 2.34 மீட்டர் தாண்டினார். ஃபாஸ்பரி உலக சாதனை வைத்திருந்ததே இல்லை. ஆனால் 1993இல் கியூபாவின் சோட்டோமேயர் தாண்டிய 2.45 மீட்டர் உலக சாதனை ஃபாஸ்பரியின் பாணியில்தான். ஃபாஸ்பரி தாண்டிய உயரத்தை எத்தனையோ பேர் கடந்துவிட்டார்கள், பாணி இருக்கிறது. சொல்லிக்கொடுக்க முடிந்தது, பத்திரமாக இறங்கவும் முடிந்தது, அதனால் இருக்கிறது.

பத்திரமாக இறங்க முடியாதவை போய்விட்டன, ஜிம்னாஸ்டிக்ஸைப் பாருங்கள். 1972இல் சோவியத் வீராங்கனை ஓல்கா கோர்புட் உயரக் கம்பியின் மேல் நின்று பின்பக்கமாகப் பாய்ந்ததை உலகமே வாய்பிளந்து பார்த்தது. பிறகு கம்பிமேல் நிற்பதையே தடை செய்தார்கள். அமெரிக்க வீரர் கர்ட் தாமஸ் கொண்டுவந்த, காற்றில் சுழன்று தரையில் உருண்டு இறங்கும் தாமஸ் சால்டோவை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. சோவியத் வீராங்கனை எலெனா முகினா 1978இன் ஜிம்னாஸ்டிக்ஸ் உலக சாம்பியன். 1979இல் அவருக்குக் கால் முறிந்தது. அது சரியாக ஆறும் முன்பே பயிற்சிக்கு இழுத்தார்கள். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அந்தச் சால்டோவில் தாடை தரையில் மோதி விழுந்தார். 20 வயதில் கைகால் செயலிழந்து, 2006இல் இறக்கும்வரை எழவே இல்லை. ஆறாத காலோடு ஒரு பிள்ளையை யாராவது மைதானத்துக்கு அனுப்பச் சொன்னால் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கோபித்துக்கொள்ளட்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? போட்டி மெத்தை 70 செ.மீ. கனம் இருக்கும். உடற்பயிற்சி விரிப்பை நாலாக மடித்துப் போட்டு அதை மெத்தை என்று சொல்லாதீர்கள். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள், கால் அதில்தான் போய் மாட்டும். மெத்தை இல்லையா? கத்தரிக்கோல் தாண்டலோடு நிறுத்துங்கள். காலில் இறங்கட்டும். ஃபாஸ்பரியும் அங்கிருந்துதான் கிளம்பினார்.

கழுத்து அடிபட விழுந்த பிள்ளை, கை மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது என்று சொன்னால் தூக்கி உட்காரவைக்காதீர்கள். தயவுசெய்து நீவிவிடாதீர்கள். அசையாமல் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பையன் கிளம்பும்போது, "எப்போது தாண்டலாம்?" என்று கேட்டான். கழுத்து இரண்டு பக்கமும் வலியில்லாமல் திரும்பட்டும் என்றேன். அப்பாவிடம், அதற்குள் மெத்தைக்கு வழி பாருங்கள் என்றேன். பள்ளியில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.