குறுக்குக்கோடு எதைப் போல இருக்கிறது?

பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினோயின் மருந்து வயிற்றிலுள்ள கருவைக் கடுமையாகப் பாதிக்கும். அதனால் மருந்து அட்டையில் கர்ப்பிணியின் உருவத்தைப் போட்டு, வட்டமிட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தார்கள். அதைப் பார்த்த பெண்கள் சிலர் கருத்தடை மாத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெண்களைக் குறை சொல்ல முடியாது. பெருத்த வயிறு கர்ப்பிணியைப் போலவே இருக்கிறது, அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கோடோ எதைப் போலவும் இல்லை. பழக்கத்தால்தான் அதற்குப் பொருள். ‘கர்ப்பிணி சாப்பிடக் கூடாது’, ‘சாப்பிட்டால் கரு தங்காது’ இரண்டுக்கும் இதே படம் பொருந்தும்.

குறிகள் பொருள் தரும் வழிகளைத் தத்துவ அறிஞர் சார்லஸ் பர்ஸ் மூன்றாகப் பிரித்தார்: ஒப்புமை, தடயம் (நெருப்புக்குப் புகைபோல), வழக்கம். ஒரே படத்தில் மூன்றும் கலந்தே வரும். வழக்கத்தை நம்பியிருக்கும் பகுதியில்தான் பெரும்பாலும் இடறுகிறது.

கதிரியக்கத்தின் மூவிதழ்க் குறி 1946-இல் பெர்க்லியில் உருவானது. கற்றுத்தராதவர் கண்ணுக்கு அது வெறும் மின்விசிறி. 2000-இல் தாய்லாந்தின் சமுத் பிரகானில், கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்த பழைய சிகிச்சைக் கருவியைப் பழைய இரும்புக்காகப் பிரித்தார்கள். 3 பேர் இறந்தார்கள். குறி இருந்தும் பிரித்தவர்களுக்கு அது எதையும் சொல்லவில்லை. 2007-இல் வந்த துணைக்குறியில் சிவப்பு முக்கோணம், அதற்குள் மூவிதழிலிருந்து கிளம்பும் அலைகள், மண்டையோடு, ஓடும் மனிதர். 11 நாடுகளில் 1,650 பேரிடம் காட்டிச் சோதித்தார்கள். கருவியைப் பிரிக்கப் போகிறவர் கண்ணில் படும் இடத்தில் அதை ஒட்ட வேண்டும் என்பதும் ஏற்பாடு.

நீங்கள் ஒரு குறியைச் சோதிக்கும்போது “இது அபாயக் குறிதானே?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். படத்தை மட்டும் நீட்டி, “இது என்ன சொல்கிறது? பார்த்ததும் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டு, பதிலைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக நண்பர்களிடம் வேண்டாம். அவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும். பாதுகாப்புக் குறிகளுக்கான அமெரிக்க ஆன்சி (ANSI) தரநிலை 85 சதவீதம் சரியான பதிலைக் கேட்கிறது. ஆபத்தாகத் தப்பர்த்தம் செய்துகொண்டவர்கள் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

வரைபவர்களுக்கு இரண்டு விஷயம். தடைக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக 45 டிகிரியில் இறங்கும். தீ மூட்டாதே என்னும் குறியில் தீக்குச்சியின் சுடரை அது மறைத்தால், கோட்டை நகர்த்தாமல் படத்தை இடவலமாகத் திருப்புங்கள். தலைவலி, மாத்திரை, நிம்மதி என்று மூன்று கட்டம் வரைந்தால் எண் போடுங்கள். வலமிருந்து படிப்பவருக்கு, நன்றாக இருந்தவர் மாத்திரை போட்டுத் தலைவலியை வாங்கிக்கொண்டதாகத்தான் தெரியும்.