டெக்சாஸிலிருந்து கன்சாஸ் சிட்டி வரை ஒரே மின்னல்

‘மின்னலின் நீளத்தை அளக்க முடியுமா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும். இதுவரை பதிவானதில் பெரியது 829 கிலோமீட்டர். 2017 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் கிழக்கு டெக்சாஸில் கிளம்பி கன்சாஸ் சிட்டி பக்கம் வரை ஓடியது. பழைய பதிவுகளை மறுபடி அலசிய பிறகு, 2025இல்தான் உலக வானிலை அமைப்பு அதை உறுதிசெய்தது.

அளந்தது அமெரிக்காவின் கோயஸ்-16 வானிலைச் செயற்கைக்கோள். மேகத்தின் உச்சியில் கசியும் வெளிச்சத்தை அது நொடிக்கு 500 படம் வீதம் எடுத்தது. படத்தின் ஒரு புள்ளியே தரையில் 8 கிலோமீட்டருக்குக் குறையாது. அடுத்தடுத்து ஒளிரும் புள்ளிகளைக் கோத்துப் பெரிய மின்னலை வரைந்துவிடலாம். குட்டி மின்னல் ஒற்றைப் புள்ளிக்குள் அடங்கிப்போகும்.

சரி, அளவு தெரிந்து என்ன ஆகப்போகிறது? தடம் நீண்டால் வேகும் காற்றும் அதிகம். அந்தக் காற்றில் நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்த வேதியியல். சுமார் 30,000 டிகிரி சூட்டில் ஆக்ஸிஜன் இரண்டாக உடைகிறது. தனித்த ஆக்ஸிஜன் அணு நைட்ரஜன் மூலக்கூறில் மோதி ஒரு நைட்ரிக் ஆக்சைடையும் ஒரு நைட்ரஜன் அணுவையும் தருகிறது. அந்த நைட்ரஜன் அணு ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பிடித்து இன்னொரு நைட்ரிக் ஆக்சைடு ஆகிறது. மிச்சம் ஓர் ஆக்ஸிஜன் அணு. அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்! மெதுவாக ஆறினால் எல்லாம் வந்த வழியே திரும்பி, பழைய காற்றாகவே முடியும். ஆனால் தடம் சில மில்லிநொடிகளில் குளிர்ந்துவிடுகிறது. சுமார் 2,000 டிகிரிக்குக் கீழே திரும்பிப் போகச் சூடு போதாது. நைட்ரிக் ஆக்சைடு அப்படியே மாட்டிக்கொள்கிறது.

இப்படி உலகம் முழுக்க உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடில், நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால், ஆண்டுக்கு 20 லட்சம் முதல் 80 லட்சம் டன். உடனே ‘இடிமழை பெய்தால் யூரியாவே வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நடுவாக 50 லட்சம் டன் என்று வைத்து, அத்தனையையும் நிலத்தில் மட்டுமே கொட்டினாலும் ஹெக்டேருக்கு அரைக் கிலோ தேறாது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே 20 கிலோ நைட்ரஜன் இருக்கிறது.

மின்னல் தரும் நைட்ரிக் ஆக்சைடின் வேலை வயலில் இல்லை, மேலே. எட்டு, பத்து கிலோமீட்டர் உயரத்தில் நைட்ரிக் ஆக்சைடு சீக்கிரம் அழியாமல் ஓசோனை உண்டாக்கும். அது போக, புவியைச் சூடாக்கும் மீத்தேனை அழிக்கும் ஹைட்ராக்சிலையும் (ஓர் ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு) மின்னல் நேரடியாகவே தருகிறது. 2012இல் அமெரிக்க இடிமேகங்களுக்குள் பறந்த விமானத்தில் ஹைட்ராக்சில் நம்ப முடியாத அளவுக்கு அதிகமாகப் பதிவானது. கருவிக் கோளாறு என்று நினைத்து அந்த எண்களை ஒதுக்கி வைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை என்று தெரிந்தது. முடிவு 2021இல் வெளியானது. கண்ணுக்கே தெரியாத மெலிந்த மின்பொறிகளும் இதைச் செய்கின்றன. உலக ஹைட்ராக்சிலில் மின்னலின் பங்கு 2 முதல் 16 விழுக்காடாம். இரண்டு எங்கே, பதினாறு எங்கே! என்னைக் கேட்டால், சாதனை மின்னலைத் தேடுவதைவிட இந்த இடைவெளியைக் குறைக்கும் பறத்தல்களுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும்.