வாரத்தில் ஒரு மணி நேரம், பிள்ளையின் மனதுக்கு: பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில் என்ன இருக்கிறது?

எங்கள் காலத்தில் நீதிபோதனை பீரியட் என்று ஒன்று இருந்தது. பொய் சொல்லாதே, கோபப்படாதே, பெரியவர் பேச்சைக் கேள். அந்த பீரியடையும் பாதி நாள் கணக்கு சார் வாங்கிக்கொள்வார், போர்ஷன் முடியவில்லை என்று. கோபம் வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

அதைச் சொல்லித்தரத்தான் ஆயுஷ்மான் பாரத்தின் கீழ் பள்ளி நலவாழ்வுத் திட்டம் வந்தது. ஒன்றிய சுகாதார அமைச்சகமும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து நடத்துகின்றன. இதன் பாடத்திட்டம் 2020 பிப்ரவரியில் வெளியானது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கானது. முதற்கட்டமாக எடுத்துக்கொண்டவை வளர்ச்சியில் பின்தங்கியவை என்று ஒன்றிய அரசு பட்டியலிட்ட மாவட்டங்கள். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும்.

பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவார்கள்; முடிந்தவரை ஒரு சார், ஒரு மிஸ். அவர்கள் வாரம் ஒரு மணி நேரம், வருடத்தில் 24 வாரம் வகுப்பு எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமையை நலவாழ்வு நாளாக வைத்துக்கொள்ளலாம் என்கிறது வழிகாட்டுதல். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் பிள்ளைகளே நலவாழ்வுச் செய்தியை மற்றவர்களிடம் கொண்டுபோகும் தூதுவர்களாக இருப்பார்கள்.

மொத்தம் 11 தலைப்புகள். உணவு, சுகாதாரம், போதைப்பொருள், கைபேசியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. நான் பெற்றோரிடம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இரண்டு: உணர்வும் மனநலமும் ஒன்று, மற்றவர்களோடு பழகுவது இன்னொன்று. கேட்க எளிதாக இருக்கும், நடத்துவது கடினம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை நண்பர்கள் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஒருநாள் கைநீட்டிவிடுகிறான். 'அடிக்காதே' என்று சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். இந்த வகுப்பில் அதையே நடித்துப் பார்க்கச் சொல்லலாம். கூப்பிட்டவன் கூப்பிடப்பட்டவனாக நிற்பான். கை ஓங்குவதற்கு முன் உடம்பில் என்ன நடந்தது, தாடை இறுகியதா, காது சூடானதா என்று கேட்கலாம். அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். சரியான விடை, தவறான விடை என்று திருத்த ஆரம்பித்தால் அடுத்த வாரம் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆசிரியருக்கு இங்கே பேசுவதைவிடக் கேட்பதுதான் பெரிய வேலை.

பிள்ளை வகுப்பில் ரகசியமாக எதையாவது சொன்னால் அதை ஸ்டாஃப் ரூமில் பேசக்கூடாது. யாராவது துன்புறுத்துவதாகச் சொன்னாலோ, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ மட்டும் உரியவர்களிடம் உடனே சொல்லியாக வேண்டும்.

"இதெல்லாம் மார்க்குக்கு உதவுமா?" என்று கேட்கிற பெற்றோருக்குச் சட்டத்தைக் காட்டலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 29: பாடத்திட்டம் குழந்தையைப் பயம், அதிர்ச்சி, பதற்றம் இல்லாமல் வைக்க வேண்டும், தன் கருத்தைத் தயங்காமல் சொல்ல உதவ வேண்டும். பிரிவு 17 அடிப்பதையும், மனதைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு. இவை 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான உரிமை. பள்ளி மனமுவந்து செய்யும் சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உங்கள் பள்ளியில் இந்த வகுப்பு நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள நேர அட்டவணையைப் பாருங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள், அட்டவணையில் இருந்தும் கணக்குக்குப் போயிருக்கலாம். பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்தில் கேட்க வேண்டியவை: பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் யார், வகுப்பு எந்த நாளில், இந்த வருடம் இதுவரை எத்தனை நடந்தது. பதிலை அன்றைய தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும். பிள்ளை பெயர் எழுதாமலும் புகார் போடலாம். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. குழந்தைகள் உதவிக்கு 1098. மனது தாங்காத நேரத்தில் 14416இல் தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும், இலவசம். மூன்றையும் பிள்ளையின் நோட்டு அட்டைக்குள் இன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.