பாலிப்: பெருங்குடலில் முளைக்கும் சதைமொட்டு

கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) முடிந்து கைக்கு வரும் அறிக்கையில் ‘6 மி.மீ. பாலிப், காம்பில்லாதது, அகற்றப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்ததுமே பலருக்கும் மனம் புற்றுநோய்க்குத் தாவிவிடும். சொல்லில் அப்படி ஒரு பொருளே கிடையாது. சளிச்சவ்விலிருந்து குடலின் உட்பக்கமாகப் புடைத்து நிற்கும் எந்த வளர்ச்சிக்கும் பாலிப் என்றுதான் பெயர். அது சாதுவா, ஆபத்தா என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

சொல் கிரேக்கத்தில் பிறந்தது. ‘பொலு’ என்றால் பல, ‘பூஸ்’ என்றால் கால். பல கால்கள் கொண்ட பேய்க்கணவாயைக் குறித்த சொல் அது. மூக்கினுள் வளரும் சதைக்கும் பழங்கால மருத்துவர்கள் அதையே வைத்தார்கள். லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனபின், 18ஆம் நூற்றாண்டில் ஹைட்ரா போன்ற சிற்றுயிரிகளுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பவள உயிரியும் குடல் வளர்ச்சியும் ஒரே பெயரில் வழங்குவது இப்படித்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சதை வளர்ச்சி’ என்பது பேச்சில் இருக்கிறது. புரியும், ஆனால் எதையும் பிரித்துக் காட்டாது. ‘கட்டி’ பயமுறுத்துகிறது. ‘கழலை’ நல்ல பழஞ்சொல், ஆனால் அதைப் புற்று வகைகளுக்கும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். எனக்குச் ‘சதைமொட்டு’ பொருத்தமாகப் படுகிறது. காம்புள்ள மொட்டு, காம்பில்லா மொட்டு என்று மருத்துவர்கள் பிரிக்கும் வகைகளும் அதில் இயல்பாக அமைந்துவிடும். மொட்டெல்லாம் மலர்வதில்லை என்பதும் இங்கே உண்மை: பெரும்பாலான பாலிப்புகள் புற்றாக மாறுவதில்லை. மாறக்கூடியவற்றில் முக்கியமானது அடினோமா. கிரேக்கத்தில் ‘அடேன்’ என்றால் சுரப்பி. ஆகவே ‘சுரப்பி மொட்டு’ எனலாம். அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கும். 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

இனி, பாலிப்போடு சேர்த்துப் பேசப்படும் குடல் பாக்டீரியா. இதைக் ‘குடல் கிருமி’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும் என்பேன். வடமொழியில் கிருமி என்றால் புழு. தமிழில் அது நோய் தருவது என்றே பொருள்படுகிறது. பெருங்குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் பல நமக்கு வேலை செய்பவை. நாம் உண்ணும் நார்ச்சத்தை நொதிக்கவைத்து அவை பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். ‘குடல் நுண்ணுயிரிகள்’ என்ற சொல்லே போதும். பழி எதையும் சுமத்தாத சொல் அது.

அவற்றுக்குள் தொல்லை தரும் சிலவும் இருக்கத்தான் செய்கின்றன. வாயில் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பெருங்குடல் புற்றுத் திசுவில் மிகுந்து காணப்படுவதை 2012இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தெரிவித்தன. ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகள் கோலிபாக்டின் என்ற நஞ்சைச் சுரந்து செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. பாக்டீராய்டஸ் ஃப்ராஜிலிஸின் ஒரு வகையும் நஞ்சு சுரந்து குடல்சுவரை அழற்சிக்கு உள்ளாக்குகிறது.

கடைசியாகச் சொன்ன ஈ.கோலை வகையும் பாக்டீராய்டஸ் வகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பரம்பரையாக வரும் ‘பன்மொட்டு நோய்’ உள்ளவர்களுக்கு ஏ.பி.சி. மரபணுக் கோளாறால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட மொட்டுகள் முளைக்கும். அவர்களின் குடல்சுவரில் இவ்விரு பாக்டீரியாக்களும் ஒரே படலமாக ஒட்டி வாழ்ந்தன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்கு, ஒன்றை மட்டும் கொடுத்த எலிகளைவிட அதிகக் கட்டிகள் வந்தன. ஒன்று சளிப்படலத்தை அரித்து வழி திறக்க, மற்றது உள்ளே புகுந்து செல்லைத் தாக்குகிறது.

சரி, அப்படியானால் பாக்டீரியாவால்தான் பாலிப் வருகிறதா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. மொட்டு முளைத்த இடத்தில் சூழல் மாறுவதால் சில பாக்டீரியாக்கள் பிறகு வந்து குடியேறவும் கூடும். முதலில் தூண்டிவிடுபவை சில, பின்னால் வந்து தங்குபவை சில என்று ஆய்வாளர்கள் பிரித்துப் பார்ப்பது இதனால்தான். வயது, பரம்பரை, புகை, மது, உடற்பருமன் ஆகியவையும் கணக்கில் உண்டு.

ஏற்கெனவே இருக்கும் பாலிப்பைக் கரைக்கும் என்று சான்றோடு நிறுவப்பட்ட புரோபயாட்டிக் (நன்மை தரும் நுண்ணுயிரிகள் அடங்கிய தயாரிப்பு) எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கொலனோஸ்கோபியின்போதே கம்பி வளையத்தை மொட்டைச் சுற்றி இறுக்கி வெட்டி எடுத்துவிடுவார்கள். இதற்கு ‘மொட்டு நீக்கம்’ என்று சொன்னால் யாருக்கும் புரியும்.