யன்னல் கைபிடி ஏன் இறுகுகிறது?

எங்கள் குசினி யன்னலின் கைபிடி ஒரே நாளில் உடையவில்லை. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தித் திருப்பினேன். போன மாசியில் ஒரு இரவு, புட்டு அவித்த ஆவி வெளியே போகட்டும் என்று திறந்துவிட்டுப் பிறகு மூடப்போனால், கைபிடி மட்டும் சும்மா சுற்றுகிறது. வெளியே உறைகுளிர். யன்னலைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, இடைவெளியில் துவாயை அடைத்துவிட்டுத்தான் அன்றிரவு படுத்தோம்.

அடுத்த நாள் வந்து பார்த்தவர் முழு யன்னலையும் மாற்றச் சொன்னார். உடைந்திருந்ததோ உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. அதைக் கழற்றி மாற்ற ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஆனால் மாற்றும்போதுதான் ஒன்று விளங்கியது. பெட்டி உடைந்ததற்குக் காரணம் பெட்டியில் இல்லை, யன்னலின் மறுபக்கத்தில், கீலில் இருந்தது. கைபிடி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

லண்டனில் நாங்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு யூபிவிசி என்ற கடினமான பிளாஸ்டிக்கில் சட்டம் போட்ட இரட்டைக் கண்ணாடி யன்னல்தான். உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், திறந்துவைத்துக்கொண்டு அதன் விளிம்பைப் பாருங்கள். கைபிடி இருக்கும் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு நீளமான உலோகப் பட்டை ஓடும். அதில் இரண்டு, மூன்று இடங்களில் காளான் தலை போன்ற குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். இப்போது கைபிடியைத் திருப்பிப் பாருங்கள். குமிழ்கள் எல்லாம் ஒன்றாக மேலும் கீழும் நகரும். இந்த முழு அமைப்பையும் இங்குள்ள வேலைக்காரர்கள் எஸ்பாக் என்பார்கள். எஸ்பன்யொலெட் என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது. அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது ஸ்பெயின் நாட்டின் பெயர்.

கைபிடியின் பின்னால் 7 மி.மீ. சதுரக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது பட்டையின் நடுவில் உள்ள கியர் பெட்டிக்குள் போய் ஒரு பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் பற்கள் பட்டையைத் தள்ளுகின்றன. வட்டமான சுழற்சி நேரான நகர்வாக மாறுகிறது, அவ்வளவுதான். யன்னல் மூடியிருக்கும்போது குமிழ்கள், நிலைச்சட்டத்தில் திருகியிருக்கும் கொளுவித் தகடுகளுக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். குமிழுக்குக் காளான் வடிவம் ஏன்? அகன்ற தலை தகட்டின் பின்னால் மாட்டிக்கொள்வதால், வெளியிலிருந்து கம்பி போட்டு நெம்பினாலும் இலகுவில் கழராது.

இதில் பலம் எப்படிப் பெருகுகிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கைபிடியின் அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்துக் கால் வட்டம் திருப்பினால், உங்கள் கை ஏறத்தாழ 157 மி.மீ. நகர்கிறது. அதே நேரத்தில் பட்டை நகர்வது 20 மி.மீ. அளவுதான். தூரம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால், விசை எட்டு மடங்காகக் கூடவேண்டும். நீங்கள் 5 கிலோ பாரத்துக்குச் சமமாக அழுத்தினால், உராய்வில் போவதை விட்டுப் பார்த்தால், பல் சக்கரத்தில் 40 கிலோ விழுகிறது. கட்டிலில் ஏறி நின்று முழுப் பலத்தோடு திருகுகிறவர்கள் அந்தச் சின்னப் பற்களில் எவ்வளவு பாரத்தை ஏற்றுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு விசை எதற்கு? சட்டத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டி இருக்கிறது. குமிழ் தகட்டுக்குள் நுழையும்போது யன்னலை நிலையோடு இழுத்து அந்த ரப்பரை நசுக்கவேண்டும். ரப்பர் நசுங்கினால்தான் காற்று உள்ளே வராது. கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விளிம்பில் காற்று புகுந்தால் சூடாக்கிக்குக் கட்டும் பணம் வீண். மூடிய யன்னலுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் குளிர்காற்று தெரிகிறதா? குமிழின் நடுவில் அலன் கீ என்ற ஆறுபக்கத் திருகி போடும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல யன்னல்களில் இருக்கும். குமிழ் அச்சின் நடுவில் இல்லாமல் சற்று விலகி அமைந்திருப்பதால், அதைச் சுழற்றினால் யன்னல் இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் இறுக்கமாக மூடும், அல்லது தளரும். காசு செலவில்லாத பழுதுபார்ப்பு இதுதான்.

சரி, கைபிடி ஏன் இறுகுகிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கைபிடியைத் திருப்புங்கள். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு பட்டையிலோ கியர் பெட்டியிலோ இருக்கிறது. பெரும்பாலும் அழுக்கும் காய்ந்துபோன கிரீஸும்தான். திறந்திருக்கும்போது இலகுவாகவும் மூடியிருக்கும்போது மட்டும் இறுக்கமாகவும் இருந்தால், பூட்டில் பிழையில்லை. குமிழும் தகடும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. தகட்டில் பளபளவென்று ஒரு கீறல் இருக்கும். குமிழ் எந்தப் பக்கம் முட்டுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

எங்கள் யன்னலில் கீறல் தகட்டின் கீழ்ப்பக்கத்தில் இருந்தது. யன்னல் தொங்கிப்போயிருந்தது.

தொங்காமல் என்ன செய்யும்? கண்ணாடியின் பாரம், ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. 4 மி.மீ. கண்ணாடி இரண்டு என்றால் சதுர மீட்டருக்கு 20 கிலோ. 60 செ.மீ. அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள யன்னலில் கண்ணாடி மட்டும் 12 கிலோ. அதைத் தாங்குவது மேலும் கீழும் உள்ள இரண்டு உராய்வுக் கீல்கள். கதவுக் கீல் போல் ஒரே அச்சில் சுழலாமல், தட்டையான கைகள் கத்தரிக்கோல் போல் விரிந்து, ஒரு தண்டவாளத்தில் வழுக்கும் கீல் அது. அதில் உள்ள உராய்வுதான் யன்னலைத் திறந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. வருடக்கணக்கில் அதன் தறையாணிகள் தேய்ந்தால், யன்னல் கைபிடிப் பக்கமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கிவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஊரில் படலை செய்யும்போது நான்கு பக்கச் சட்டத்தோடு நிறுத்தமாட்டார்கள். கீலின் கீழ் மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்து மேல் மூலைக்கு ஒரு குறுக்குச் சட்டம் போடுவார்கள். இல்லாவிட்டால் படலை சாய்ந்து நிலத்தில் உரசும். பிளாஸ்டிக் யன்னலில் குறுக்குச் சட்டம் போட முடியாது, வெளியே பார்க்கவேண்டுமே. அதனால் கண்ணாடியையே குறுக்குச் சட்டமாக்கிவிட்டார்கள். கீல் பக்கத்துக் கீழ் மூலையிலும், கைபிடிப் பக்கத்து மேல் மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளைச் செருகுகிறார்கள். வளையாத கண்ணாடி இரண்டு மூலைகளுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துச் சட்டத்தைச் சதுரமாக வைத்திருக்கிறது. அந்தத் துண்டுகள் நழுவினாலோ, பொருத்தியவர் வைக்க மறந்தாலோ, புத்தம்புது யன்னலும் தொங்கும். வேலை தெரிந்தவர் கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டியைக் கழற்றித் துண்டுகளைத் திரும்பவும் செருகினால் யன்னல் நிமிர்ந்துவிடும்.

கோடையில் மட்டும் இறுகுகிற யன்னல் வேறு விதம். யூபிவிசி வெப்பத்தில் நன்றாக விரியும், இரும்பைவிட ஐந்தாறு மடங்கு. 1.2 மீட்டர் நீளச் சட்டம் 0 பாகையிலிருந்து 35 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 3 மி.மீ. நீளும். அதே நீள இரும்புப் பட்டை அரை மில்லிமீட்டர்தான் நீளும். சட்டத்துக்குள் இரும்பு வைத்து இறுக்கியிருந்தால் வித்தியாசம் குறையும். கடுமையான வெயில் நாளில் குமிழைத் தளர்த்திவிட்டு, மார்கழியில் காற்று வருகிறதே என்று யோசிக்கவேண்டாம். வெயிலும் குளிரும் மிதமாக இருக்கும் நாளில் சரிசெய்வது நல்லது.

எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். இறுகியது என்றவுடன் எங்கள் ஆட்கள் கையில் எடுப்பது டபிள்யூடி-40 தான். 1953 இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது அது. பெயரின் அர்த்தம், நீரை விலக்கும் கலவைக்கான நாற்பதாவது முயற்சி. துருவையும் பழைய அழுக்கையும் இளக்க அருமையான பொருள். ஆனால் அது கரைப்பானும் சேர்ந்த கலவை. மிச்சமிருக்கும் கிரீஸையும் கழுவிவிட்டு, தான் மெல்லிய படலமாக மட்டுமே நிற்கும். அதனால் அதை அடித்துத் துடைத்தபின் தையல் மெசினுக்கு விடும் மெல்லிய எண்ணெயையோ வெள்ளை லித்தியம் கிரீஸையோ குமிழ்களிலும் பட்டையிலும் தடவுங்கள். கியர் பெட்டிக்குக் கைபிடியைக் கழற்றி, சதுரத் துளை வழியாக இரண்டு துளி விட்டால் போதும். ரப்பர் பட்டிக்கு எண்ணெய் ஆகாது, சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கள். உராய்வுக் கீலின் தண்டவாளத்தை மண் போகத் துடைத்தால் போதும். வழுக்கும் துண்டில் எண்ணெய் பட்டால் உராய்வு போய், காற்றடிக்கும்போது யன்னல் படாரென்று அடிக்கும். அப்படி ஏற்கெனவே அடிக்கிறது என்றால், அந்தத் துண்டில் உள்ள சின்னத் திருகாணியைக் கொஞ்சம் இறுக்கிப் பாருங்கள்.

கைபிடி சும்மா சுற்றினால், முதலில் உடைந்தது எது என்று தெரியவேண்டும். கைபிடியின் இரண்டு திருகாணிகளையும் கழற்றி எடுங்கள். சதுரக் கம்பியை மட்டும் துளைக்குள் விட்டுக் குறட்டால் பிடித்துத் திருப்புங்கள். குமிழ்கள் நகர்ந்தால் கைபிடிதான் போயிருக்கிறது, பத்துப் பவுண் அளவில் முடிந்துவிடும். நகராவிட்டால் பெட்டி. புதியது வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அளந்து வாங்குங்கள். கைபிடிக்கு, திருகாணிகளுக்கு இடையிலான தூரம் பெரும்பாலும் 43 மி.மீ. இருக்கும். ஆனால் கம்பியின் நீளம் யன்னலுக்கு யன்னல் மாறும். பெட்டிக்கு, பட்டையின் முகத்திலிருந்து சதுரத் துளையின் நடுவரை அளக்கவேண்டும். 20, 22 மி.மீ. இரண்டும் கடையில் கிடைக்கும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டால் கைபிடி பொருந்தாது. பட்டையின் நீளத்தையும் குமிழ்கள் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியதைப் பொருத்தியபின், யன்னல் திறந்திருக்கும்போதே பத்துத் தடவையாவது கைபிடியைத் திருப்பிப் பாருங்கள். அதன் பிறகுதான் மூடவேண்டும். மூடியபடி உடைந்த பெட்டி பெரிய தொல்லை. ஒருவர் கம்பியைத் திருப்ப, இன்னொருவர் குமிழ் இருக்கும் இடங்களில் சட்டத்தைத் தள்ளியும் இழுத்தும் பார்க்கலாம். சரிவராவிட்டால் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிடுவதே புத்தி.

வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரருக்கு எழுதிக் கேளுங்கள். இங்கிலாந்தில் வழக்கமான குறுகிய கால வாடகைக்கு, வீட்டின் அமைப்பையும் வெளிப்புறத்தையும் பழுதுபார்த்து வைத்திருப்பது 1985 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய கடமை.

யூபிவிசி கதவிலும் இதே தத்துவம்தான், அளவுதான் பெரிது. கைபிடியை மேலே தூக்கினால் கொக்கிகள் வெளியே வரும், பிறகு திறப்பால் பூட்டவேண்டும். தூக்குவது கடினமாகிறது என்றால் அங்கும் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். கதவில் கூடுதலாகப் பார்க்கவேண்டியது திறப்பு போடும் உருளை. அதைப் பிடித்துவைக்கும் திருகாணிக்காக நடுவில் துளை போட்டிருப்பதால், உருளையின் மிக மெலிந்த இடம் அதுவே. கைபிடித் தகட்டுக்கு வெளியே உருளை நீட்டிக்கொண்டிருந்தால், திருடன் பிடித்து முறித்துவிடுவான். 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது. மாற்றுவதென்றால் மூன்று நட்சத்திரக் குறியுள்ளதாக வாங்குங்கள். முறித்தாலும் முன்பகுதி மட்டும் கழன்று, பூட்டு அப்படியே நிற்கும்படி செய்தது அது.

கடைசியாக யன்னல் திறப்பு. கீழ்மாடி யன்னல்களுக்குத் திறப்புப் போட்டுப் பூட்டும் கைபிடி வேண்டும் என்று பல காப்புறுதி நிறுவனங்கள் கேட்கின்றன. அதனால் எல்லா யன்னலையும் பூட்டிவிட்டு, திறப்பை எங்கோ ஒரு லாச்சிக்குள் போட்டுவிடுகிறோம். இரவில் தீப்பிடித்துப் படிக்கட்டில் புகை நிறைந்தால், மேல்மாடிப் படுக்கையறைக்கு அந்த யன்னல்தான் வாசல். தப்பிக்கும் யன்னலின் திறந்த பகுதி குறைந்தது 0.33 சதுர மீட்டர் இருக்கவேண்டும், அகலமும் உயரமும் 45 செ.மீ. க்குக் குறையக்கூடாது என்று இங்கிலாந்தின் கட்டட வழிகாட்டி சொல்வது இதற்காகத்தான். எங்கள் வீட்டில் படுக்கையறைத் திறப்புகள், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில் யன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்குகின்றன. இருட்டில் அதைத் தடவி எடுத்துத் திறக்க ஏழு வயது மகளுக்கும் பழக்கியிருக்கிறோம். கைபிடிகள் எல்லாம் அவளுடைய பலத்துக்கே திரும்புகின்றன.