கவுன்சிலிங் – ஆற்றுப்படுத்தல்

‘கவுன்சிலிங்’ என்றதும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இடமாறுதல்தான் முதலில் நினைவுக்கு வரும். பிளஸ் டூ மாணவருக்குப் பொறியியல் சேர்க்கை. மனம் கலங்கிய பிள்ளைகளுக்குத் துணைநிற்க ஆசிரியர்களைப் பழக்கும் பயிற்சிகளிலும் அதே சொல்தான் புழங்குகிறது. ‘கலந்தாய்வு’ என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. அதையும் இட ஒதுக்கீட்டு வேலை எடுத்துக்கொண்டுவிட்டது.

‘அறிவுரை’ என்று பொருள்படும் ‘கன்சிலியம்’ என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து ‘கவுன்சிலிங்’ ஆனது. 1908இல் பாஸ்டனில் பிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய நிலையம் இளைஞர்களுக்குத் தொழில் தேர்வில்தான் வழிகாட்டியது. 1940களில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், அறிவுரையை ஒதுக்கி, செவிமடுப்பதையே இப்பணியின் உயிராக்கினார். ஆகவே ‘ஆலோசனை’ என்னும் மொழிபெயர்ப்பு வேர்ப்பொருளுக்குப் பொருந்தும். இன்றைய பணிக்குப் பொருந்தாது. மதிய உணவைத் திறக்காமலே மூடிவைக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவியிடம் “ஒழுங்கா சாப்பிடு, நல்லா படி” என்பதும் ஆலோசனைதானே!

இலங்கைத் தமிழில் ‘உளவளத்துணை’, ‘ஆற்றுப்படுத்தல்’ என இரு சொற்கள் வழங்குகின்றன. பயிற்சி பெற்ற வல்லுநரின் பணிக்கு முன்னதையும், ஆசிரியரின் பணிக்குப் பின்னதையும் கொள்ளலாம் என்பது என் கருத்து. ‘ஆறு’ என்றால் வழி, ஆற்றுப்படுத்தல், வழிப்படுத்தல். (புண்ணை ஆற்றுவதும் காதில் ஒலிக்கிறது, இலக்கணப்படி அது வேறு சொல், ஆனால் ஒலித்தால் நட்டமில்லை.)

சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில், வள்ளல் நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்குத் தன் பரிசிலைப் பங்கிடுவதில்லை. வழியில் எந்தெந்த ஊர்கள் வரும், ஆமூரில் வெண்சோற்றோடு நண்டுக் கலவை எப்படிக் கிடைக்கும், வள்ளல் எவ்வாறு வரவேற்பான் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறான். உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடு வகுத்த ‘பார், கேள், இணை’ என்னும் மூன்று படிகளில், ‘இணை’ என்பது, அதாவது உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்ப்பது, ஏறக்குறைய இதுவே. ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை; ஆனால் அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416ஐத் தாளில் எழுதிக் கொடுப்பதோடு ஆற்றுப்படுத்தல் முடிந்துவிடாது. மறுமுனையில் யார் பேசுவார், என்ன கேட்பார், வீட்டுக்குத் தெரியுமா என்று அந்த மாணவி கேட்கத் தயங்குபவற்றையும் தாமே அறிந்துவைத்துச் சொல்வதுதான் ஆற்றுப்படுத்தல்.