டர்போ செடானுக்கு நியாய விலை: கொட்டேஷன் தாளை வரி வரியாகப் படியுங்கள்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியதிலிருந்து, கார் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "இப்பவே எடுத்துடலாமாண்ணே, இல்ல இன்னும் குறையுமா?" நான் கார் விற்பவன் இல்லை. மதுரையில் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருக்கிறேன். வங்கிகளுக்காகப் பழைய கார்களுக்கு மதிப்பும் போட்டுத் தருகிறேன். காரின் விலை எனக்குத் தெரிவது ஷோரூம் வெளிச்சத்தில் அல்ல, அடிபட்டு ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போதும் கைமாறும்போதும்தான். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், 'நியாய விலை' விளம்பரப் பலகையில் போட்டிருக்கும் எண்ணில் இல்லை, கொட்டேஷன் தாளின் கீழ்ப்பாதியில் இருக்கிறது.

ஊர் முழுக்க எஸ்யூவி மோகம் பிடித்து அலைகிறபோது செடான் (பின்னால் தனி டிக்கி உள்ள தாழ்வான கார்) கேட்டு வருகிறவர்கள் தனி ரகம். கீழமாசி வீதி மொத்த வியாபாரி, தெற்காவணி மூல வீதி நகைக்கடைக்காரர், கே.கே.நகரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர், இப்படி. மாதம் இரண்டு தடவையாவது சென்னைக்கோ பெங்களூருக்கோ நாலு வழிச்சாலையில் போகிறவர்கள். டர்போ இன்ஜின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சுழலி பொருத்தியது) ஓவர்டேக் செய்யும்போது கொடுக்கிற அந்த இழுப்பை ஒருதரம் அனுபவித்தவர்கள் மறுபடி சாதா இன்ஜினுக்குப் போக மாட்டார்கள். எனக்கும் அந்த ரசனை உண்டு, மறைக்கவில்லை.

முதலில் வரிக் கணக்கு. 1500 சிசிக்கு மேல் இன்ஜின் உள்ள பெரிய செடானுக்கு முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் 20 சதவீத செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 48. இப்போது செஸ் இல்லாமல் 40. "எட்டு சதவீதம் குறைஞ்சிருச்சே, 50 லட்சம் காருக்கு நாலு லட்சம் கழியணுமே, ஏன் கழிக்கலை?" என்று கீழமாசி வீதி அண்ணாச்சி ஒருவர் ஷோரூம்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். கழியாது. அந்த எட்டு, வரி சேர்க்காத அடிப்படை விலையின் மேல் கணக்கிடுவது. 50 லட்சத்தில் அடிப்படை விலை சுமார் 33.78 லட்சம்தான், அதன்மேல் 40 சதவீதம் போட்டால் 47.30 லட்சம் வரும். ஆக, குறைய வேண்டியது 2.70 லட்சம், அதாவது ஐந்தரை சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 1500 சிசிக்கு உட்பட்ட செடான் என்றால் 45-லிருந்து 40-க்கு வந்திருக்கிறது; அதில் விலை சுமார் மூன்றரை சதவீதம்தான் இறங்கும். உங்களுக்குச் சொன்ன குறைப்பு இந்தக் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் அப்போது சண்டை போடுங்கள், நியாயம் உங்கள் பக்கம். ஆனால் ஒன்று: வரிக் குறைப்பை வாடிக்கையாளருக்குத் தராமல் லாபமாக்கிக் கொள்வதைத் தடுக்கும் ஜிஎஸ்டி சட்ட ஏற்பாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகார்கள் வாங்குவதில்லை. மிச்சம் இருக்கும் வழி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் நுகர்வோர் ஆணையமும்தான்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். வோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டிலும் 999 சிசி டர்போ இன்ஜின் இருக்கிறது. "1200 சிசிக்குக் கீழேதானே, 18 சதவீதம்தானே போடணும்?" என்று கேட்கிறார்கள். 18 சதவீதம் கிடைக்க பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் மட்டும் போதாது, காரின் நீளமும் நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். இவை நாலரை மீட்டரைத் தொடுகிறவை. 40தான்.

சரி, மாநில வரிக்கு வருவோம். இதை யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயுள் வரி, அதாவது பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரி, ஏறியது. அதுவரை 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார் எல்லாவற்றுக்கும் 15 சதவீதம். இப்போது 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. மேலே சொன்ன 50 லட்சம் காருக்கு 7.5 லட்சமாக இருந்த ஆயுள் வரி 10 லட்சமானது. டெல்லி 2025-இல் விட்டுக்கொடுத்த 2.70 லட்சத்தையும் சென்னை 2023-இல் கூட்டிய 2.50 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷோரூம் விலை இறங்கியதால் ஆயுள் வரியிலும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் மிச்சமாகும், அது உண்மைதான்.

20 லட்ச எல்லையில் நிற்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விர்டஸ், ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னா ஆகியவற்றின் 1.5 டர்போ உயர் ரகங்கள் சுற்றிச் சுற்றி வருவது அந்த எல்லைக்குக் கீழேதான். 19.90 லட்சம் காருக்கு ஆயுள் வரி 3,58,200. 20.10 லட்சம் என்றால் 4,02,000. விலை இருபதாயிரம்தான் கூடியது, வரி நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம் கூடிவிட்டது. ஒரு சன்ரூஃபுக்காகவோ ஒரு நிறத்துக்காகவோ எல்லை தாண்டுகிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பயந்து பாண்டிச்சேரி முகவரி கொடுத்துப் பதிவு செய்கிறவர்கள் நம் ஊரில் குறைவில்லை. அங்கே வசிக்காமல் முகவரி காட்டுவது பொய் ஆவணம். ஆர்டிஓ பிடித்தால் வரியோடு அபராதமும் கட்ட வேண்டும். கிளெய்ம் நேரத்தில் முகவரி, ஓட்டும் இடம் எல்லாம் கிளறப்படும். வேண்டாம்.

விலை ஏன் இவ்வளவு என்று கோபப்பட நியாயமான இடம் ஒன்று இருக்கிறது: அது இறக்குமதி. ஸ்கோடா சூப்பர்ப் இங்கே ஔரங்காபாத்தில் பொருத்தப்பட்டுக் கொண்டிருந்தவரை 40 லட்சத்துக்குள் கிடைத்தது. 2023-இல் நின்றுபோய், 2024 ஏப்ரலில் முழு வண்டியாகக் கப்பலேறி வந்தபோது 54 லட்சம். அதுவும் நூறு கார்தான். ஆக்டேவியா ஆர்எஸ் 2025 அக்டோபரில் 49.99 லட்சத்துக்கு வந்ததும் அதே வழியில்தான், அதே நூறு. அரசாங்க வரி பாதி, கம்பெனியின் தீர்மானம் பாதி. பிஎம்டபிள்யூ நம் சென்னைக்குப் பக்கத்தில் 2007 முதல் கார் பொருத்துகிறது, மெர்சிடிஸ் புனே சாக்கனில் பொருத்துகிறது. உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பொருத்தினால் சுங்க வரி மிகவும் குறைவு. ஐரோப்பாவுடனான வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் எல்லா ஜெர்மன் காரும் பாதி விலைக்கு வரும் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். முழுதாக இறக்குமதியாகும் காருக்குத்தான் அதனால் பெரிய பலன். இங்கே பொருத்துகிற மெர்சிடிஸ் சி-கிளாஸ், பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஏற்கெனவே குறைந்த வரியில்தான் வருகின்றன. அவற்றுக்காகக் காத்திருப்பவர்கள் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

இனி அந்தத் தாள். போன மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனை அப்படியே சொல்கிறேன். மேலே ஷோரூம் விலை. அடுத்து ஆயுள் வரி, பதிவுக் கட்டணம். இந்த வரியிலும் கட்டணத்திலும் பேரம் கிடையாது, சரிபார்க்க மட்டும்தான் வேண்டும். அடுத்து டிசிஎஸ் ஒரு சதவீதம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஷோரூம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது. உங்கள் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். பில் யார் பேரிலோ அவருடைய பான்தான். மனைவி பேரில் கார் எடுத்துவிட்டு அவருக்கு ரிட்டர்ன் போடாமல் விட்டால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். அதற்கும் கீழே இருந்தன பாருங்கள்: நீட்டித்த வாரண்டி, சர்வீஸ் பேக்கேஜ், 'எசென்ஷியல் கிட்', செராமிக் கோட்டிங், 'லாஜிஸ்டிக்ஸ்' என்று ஒரு தொகை. எல்லாம் ஏற்கெனவே கூட்டப்பட்டு ஆன்ரோடு விலைக்குள் உட்கார்ந்திருந்தன. யாரும் கேட்டு வாங்கியவை அல்ல. ஷோரூம் வரைக்கும் கார் வந்து சேரும் செலவு ஷோரூம் விலையிலேயே அடங்கியது. லாஜிஸ்டிக்ஸ் என்று தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. நண்பர் கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் அடித்துவிட்டார்கள். கேட்காதவர் கட்டியிருப்பார்.

நீட்டித்த வாரண்டியை மட்டும் நான் அடிக்கச் சொல்ல மாட்டேன். டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற சாமான். அதன் உயிர் ஆயில்தான். விர்டஸ், ஸ்லாவியாவின் 1.5 டிஎஸ்ஐ இன்ஜினோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜியும் வெர்னா டர்போவின் டிசிடியும் உலர் கிளட்ச் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள். சித்திரை வெயிலில் கோரிப்பாளையத்திலும் காளவாசலிலும் ஊர்ந்து ஊர்ந்து போனால் அந்தக் கிளட்சுகள் சூடாகும். மெக்காட்ரானிக்ஸ் (அந்தக் கியர்பாக்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி) போனால் வரும் பில்லை நான் பார்த்திருக்கிறேன். வாரண்டிக்குக் கட்டுகிற தொகை அதன் பக்கத்தில் சில்லறை.

தாளின் இன்சூரன்ஸ் பகுதியில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஷோரூம் காட்டுகிற பாலிசியையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை; 2017 முதல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியே அப்படி. வெளியில் ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டினாலே உள்ளே இறங்கும். அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பிரீமியத்தில் மட்டும் பேச்சு கிடையாது, அது ஆணையத்தைக் கலந்து மத்திய அரசு நிர்ணயிப்பது. 2022 அறிவிப்பின்படி புதுக் காருக்கு மூன்று வருஷத்துக்கு 1000-க்கு மேல் 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596. 1498 சிசி டர்போ வாங்கியவருக்கு இது சத்தமில்லாமல் கிடைக்கிற லாபம்.

ஆனால் பிரீமியம் குறைந்தால் நியாய விலை என்று எண்ண வேண்டாம். பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும்; கார் முழுதாகப் போனால் கிடைப்பது அதுதான். புதுக் காருக்கு அது பட்டியல் விலையில் ஐந்து சதவீதம் கழித்தது. ஆயுள் வரி அதில் சேராது. 50 லட்சம் கார் ரோட்டில் இறங்கும்போது 62 லட்சத்தைத் தொட்டிருக்கும். மேலூர் பக்கம் லாரிக்கு அடியில் போய் ரிப்பேருக்கு லாயக்கில்லாமல் ஆனால் கைக்கு வருவது 47.5 லட்சம்தான். மிச்சத்தைக் கேட்டு என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதவர்கள் உண்டு, நான் என்ன செய்ய முடியும்? 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால் வரியும் சேர்ந்து வரும். ஆயுள் வரி 20 சதவீதம் ஆகிவிட்ட மாநிலத்தில் அது இல்லாமல் சொகுசுக் கார் எடுப்பது வீண் துணிச்சல். இன்ஜின் காப்பும் அப்படித்தான். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், நரிமேடு பக்கம் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசி கொடுக்காது. செடான் தாழ்வான வண்டி வேறு. உசிலம்பட்டி பக்கம் ஒரு வேகத்தடையில் ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இடித்து, ஆயில் ஒழுகுவது தெரியாமல் ஓட்டி, டர்போவும் இன்ஜினும் சேர்ந்து இறுகிப்போன கார்களைப் பார்த்திருக்கிறேன். இடித்த சத்தம் கேட்டால் நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். இடித்த சேதம் கிளெய்மில் வரும். அதற்கப்புறம் ஓட்டியதால் வந்த சேதத்தைத்தான் கம்பெனி கேள்வி கேட்கும்.

ஜிஎஸ்டி குறைந்ததில் ஒரு பக்கவிளைவையும் பார்க்கிறேன். 2024-இல் வாங்கியவர்களின் கார் மதிப்பும் புது விலையை ஒட்டி இறங்கிவிட்டது, ரினியூவலில் ஐடிவியும் சேர்ந்தே இறங்குகிறது. அதனால் இரண்டு மூன்று வருஷம் ஓடிய டர்போ செடான் இப்போது நல்ல விலைக்கு அமைகிறது. சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருக்கிறதா, சரியான கிரேடு ஆயில் போட்டிருக்கிறார்களா, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கி நிற்கிறதா, இதைப் பார்த்துத்தான் நான் மதிப்பே போடுவேன். லேசான ஈரம் சகஜம், தேக்கம் சகஜமில்லை.

புதுக் கார்தான் என்று முடிவு செய்தவர்கள் முன்பணம் கட்டும் முன் புக்கிங் ஃபார்மின் பின்பக்கத்தைப் படியுங்கள். 'டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். சொகுசுக் கார் கம்பெனிகள் யூரோ ஏறிவிட்டது என்று ஜனவரியில் விலை கூட்டுவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. நவம்பரில் புக் செய்து பொங்கலுக்கு எடுக்கிறவர் அதில் மாட்டுகிறார். டிசம்பர் தள்ளுபடியில் கொடுப்பது எந்த மாதம் தயாரான வண்டி என்று சேஸிஸ் தகட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விலை எந்தத் தேதி வரை செல்லும், ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், இரண்டையும் மேனேஜர் கையெழுத்தோடு வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் முன்பணத்தைக் குறைவாகக் கட்டுங்கள், அடுத்த ஷோரூமிலும் ஒரு தாள் வாங்கி வையுங்கள்.